காத்தவன் கடனாளியா?

பிறர் பொருளைக் காப்பவனுக்குப் பொருளில் பங்கில்லை. பழியிலோ முழுப் பங்கு! இது எவ்வகை நீதி என்று கேட்கிறோம்.

வேடந்தாங்கல் ஏரிக்கு வரும் பறவைகளை ஊரே காக்கிறது. 1798-இல் செங்கற்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேசிடம் அவற்றைக் காக்கும் ஆணையைக் கேட்டுப் பெற்றவர்கள் அவ்வூர் உழவர்களே. தீபாவளியன்றும் அங்கே வெடியோசை எழுவதில்லை. பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாகிறது; காத்தவனுக்குக் கைமேல் பயன்! ஒரு நாரை திரும்பி வரவில்லையென்றால், ஈடு கொடு என்று எவரும் ஊராரை மறிப்பதில்லை.

அந்நீர் பாய்ந்து விளைந்த நெல், கொள்முதல் நிலையத்தை அடைந்ததும் காவலின் முகமே மாறிவிடுகிறது. ஈரம் நூற்றுக்கு 17-க்கு மேல் இருந்தால் நெல்லை வாங்கலாகாது. விதியை வகுத்தவர் எங்கோ இருக்கிறார். உழவனின் வசவை வாங்குபவன் வாயிலில் நிற்கும் பணியாளன். வாங்கிய மூட்டைகளோ லாரி வரும்வரை திறந்த வெளியில், தார்ப்பாய்க்கடியில் கிடக்கின்றன. லாரியை வரவழைக்க அவனுக்கு அதிகாரம் உண்டா? இல்லை. மழையை நிறுத்த ஆற்றல் உண்டா? அதுவும் இல்லை. ஆனால் எடை குறைந்தால், ஈட்டுத்தொகை அவனிடம்! கொள்முதல் நிலையப் பணியாளர்கள் நெடுங்காலமாக முறையிட்டு வரும் குறை இது.

எடை ஏன் குறைகிறது? பள்ளிப் பிள்ளைகளும் போடும் கணக்குத்தான். 40 கிலோ மூட்டையில் ஈரம் 17 விழுக்காடு என்றால், நீர் நீங்கலாக எஞ்சுவது 33.2 கிலோ. வெயிலில் ஈரம் 14 விழுக்காடாக வற்றினால் மூட்டையின் எடை ஏறத்தாழ 38.6 கிலோ. ஆயிரம் மூட்டைக்கு 1,400 கிலோ மறைந்துவிடும். ஒரு மணியைக்கூட எவனும் திருடியிருக்க மாட்டான்! கதிரவன் குடித்த நீருக்குக் கூலிக்காரன் விலை கொடுப்பதா? எலியைப் பிள்ளையாரின் வாகனமென்று வணங்குகிறார்கள். அது தின்ற நெல்லுக்கோ காவலன் கூலியில் பிடித்தம்! கேட்டால், அவன் தலையெழுத்தாம்.

1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 151, 152-ஆம் பிரிவுகள், நம்பி ஒப்படைத்த பொருளைத் தன் பொருளைப்போல் கருத்தோடு காத்தவன், வேறு உடன்படிக்கை இல்லாதவரை, இழப்புக்குப் பொறுப்பாளி அல்லன் என்கின்றன. கூலிக்குக் காவல் இருப்பவனுக்கு அது பொருந்துமா என்று வழக்கறிஞர்கள் வாதாடட்டும். சட்டம் ஏற்ற அந்த அறம், பொருளை ஏற்கும் வணிகனுக்கு ஒன்று, இரவெல்லாம் விழித்திருக்கும் ஏழைக்கு வேறொன்று என்று ஆகுமா?

ஈடு கேட்காவிட்டால் திருட்டு மலியும் என்பார்கள். திருடியவன் உண்டென்றால் விசாரித்துத் தண்டியுங்கள். நாம் குறுக்கே வரவில்லை. விசாரணையே இன்றி அனைவரையும் திருடராக்குவது எளிய வழி, அவ்வளவுதான். நெல்லை வாங்கும்போது ஈரம் பார்க்கும் அதே கருவியால், அனுப்பும்போதும் பார்த்து, இரண்டு அளவையும் ஒரே தாளில் எழுதி, இருபுறமும் கையொப்பம் இடட்டுமே! வற்றிய ஈரம் போக உண்மையில் குறைவது எவ்வளவு என்பது அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.