யாருக்கு அந்த அமைதி?

மனநோயாளி அடங்கிவிட்டார் என்று வீட்டார் மகிழும்போது, அவ்வமைதி யாருக்கு உரியது என்னும் வினாவையும் நாம் எழுப்புதல் வேண்டும்.

1952ஆம் ஆண்டு பாரிஸ் நகரின் சாந்த் ஆன் மருத்துவமனையில் ழான் டிலே, பியர் டெனிக்கர் என்னும் மருத்துவர்கள் குளோர்புரோமசின் என்ற மருந்தை மனநோயாளர்க்கு அளித்தனர். கூச்சல் மிகுந்திருந்த கூடங்கள் அடங்கின. செவியில் ஒலித்த பொய்க்குரல்கள் பலருக்கு ஓய்ந்தன. அது பெரும்பேறுதான், மறுப்பதற்கில்லை. ஆயினும், சிலருடைய முகம் உணர்ச்சியிழந்து முகமூடி போலாயிற்று. கைகால்கள் விறைத்தன, விரல்கள் நடுங்கின, நடை குறுகிற்று. பார்க்கின்சன் நோயின் சாயல் மருந்தினாலேயே வந்து சேர்ந்தது. மூளையில் டோபமின் என்னும் பொருளின் செயலை இம்மருந்துகள் தடுக்கின்றன. அப்பொருளோ எண்ணத்துக்கும் வேண்டும், உடலசைவுக்கும் வேண்டும். மருந்து அவ்விரண்டையும் பிரித்தறியாது.

கையெழுத்தைத் திருத்துவதே தொழிலாகக் கொண்ட நம்மைத் துணுக்குறச் செய்யும் செய்தியொன்று உண்டு. ஹாசே என்னும் ஜெர்மானிய மருத்துவர், நோயாளியை ஒரே வாசகத்தைப் பலமுறை எழுதச் செய்து, மருந்தின் அளவைச் சிறிது சிறிதாக ஏற்றினார். எழுத்து சற்றே சிறுக்கத் தொடங்கும் அளவே பயன் தரும் அளவு என்பது அவர் கொள்கை. அவரைக் கொடியவர் என்பது பிழை. அதற்குமேல் மருந்து வேண்டா என்பதே அவர் கருத்து. ஆனால், உடல் விறைத்தால்தான் மனம் தெளியும் என்று நம்பியவர்களும் அக்காலத்தில் இருந்தனர். விறைப்பை அரிதாகவே உண்டாக்கும் குளோசபின், பிற மருந்துகளுக்கு இணங்காத நோயாளர்க்கும் உதவுகிறது என்று 1988இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு காட்டியது. அந்நம்பிக்கை தளர்ந்தது. (அம்மருந்துக்கும் இரத்தப் பரிசோதனை என்னும் விலையுண்டு.)

மூலையில் அசையாதிருப்பவனை "நல்ல பிள்ளையாகிவிட்டான்" என்கிறது குடும்பம். அரவமற்ற வகுப்பே சிறந்த வகுப்பு என்று எண்ணும் பள்ளியும் உண்டன்றோ? அவன் மாத்திரையை ஒளித்துவைத்தால் பிடிவாதம் என்கிறோம். சட்டைப் பொத்தானைப் போட இயலாத விரல்களைப் பற்றி அவன் தரும் அறிக்கையாகவும் அது இருக்கலாம். முதியவர் எனின், மூப்பின் தளர்ச்சி என்று கூறிக் கடந்துவிடுகிறோம்.

தானாகவே மருந்தை நிறுத்துவது வழியன்று. பொய்க்குரல்கள் மீண்டும் வரும். மருத்துவரிடம் சொன்னால் அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம். பெரும்பாலோர்க்கு விறைப்பு சில மாதங்களில் நீங்குகிறது. ஆனால் சொல்ல வேண்டியவன் அவனே. "எப்படியிருக்கிறது?" என்று மருத்துவர் கேட்டவுடன், "இப்போது தொல்லையில்லை, ஐயா" என்று உடன் சென்றவர் முந்திக்கொள்கிறார். விறைத்த நாவோடு அவன் விடை தேடும் அந்த அரை நிமிடம் காத்திருப்பது, அன்புடையார்க்கும் கடினமாகவே இருக்கிறது.