உள்ள நோயும் உய்யும் வழியும்

சிவமயம்

நோயுற்ற உள்ளத்திற்கு மருந்து தேடுதல் திருவருளை நம்பாமையாகுமோ என்பதே ஈண்டு ஆராயப் புகுந்த வினாவாம். காய்ச்சல் கண்டாரை மருத்துவரிடம் அழைத்துச் செல்ல எவரும் நாணுவதில்லை. பல்நோவுக்கும் கண்படலத்துக்கும் மருந்து கொள்வாரை நோக்கி, 'உமக்குப் பத்தி போதாது' என்பாரும் இலர். ஆயின், காரணம் புலப்படாத துயரம் நெஞ்சிற் குடிகொள்ள, ஊணும் உறக்கமுமின்றிப் பல கிழமைகளாக வாடுவாரை நோக்கி மட்டும், 'திருநீறு பூசு, பதிகம் ஓது, எல்லாம் தீரும்' என்று சொல்லி அமைகின்றோம். அதனாலும் தீராதவிடத்து, 'எல்லாம் வினைப்பயன்; யாது செய்வது!' என்கின்றோம். இக்கூற்றுக்கள் நம் சித்தாந்தத்தொடு பொருந்துமா என்று யான் நூலாராய்ச்சி விருப்பத்தால் நோக்கினேனல்லேன். என் இல்லத்து நேர்ந்த துன்பமொன்றே என்னை நோக்கச் செய்தது.

சில ஆண்டுகளின் முன் என் மருமகள் முதற் பிள்ளையை ஈன்று, மூன்றாந் திங்களில் தாய்வீட்டினின்றும் எம் இல்லம் வந்தாள். வந்தவள் முன்னைப் பெண்ணாயில்லை. குழந்தை அழுதாலும் வெறித்த கண்ணளாய்க் கொல்லைப்புறத்தில் அமர்ந்திருப்பாள். அருகிற் சென்றால் கண்ணீர் துடைப்பாள். 'பெற்ற பிள்ளையை ஏறெடுத்தும் பாராதவள்' என்று உறவினர் பழித்தனர். யானோ, திருமடத்திற் பயின்ற செருக்கால், ஒரு மண்டலம் நாடோறும் பதிகம் ஓதுமாறு பணித்தேன். அவளும் ஒரு நாளும் தவறாது ஓதினாள். ஓத ஓத முகம் மேலும் வாடிற்று. ஓரிரவு என் மனைவியின் மடியிற் சாய்ந்து, "அத்தை, ஓதும்போதும் என் நெஞ்சு மரத்துக் கிடக்கிறது. சுவாமிக்கும் வேண்டாதவளாகிவிட்டேன். நான் இல்லாவிட்டால் பிள்ளையாவது நல்லவர் கையில் வளரும்" என்றாள்.

சாத்திரம் ஒன்றும் கல்லாத என் மனைவி மறுநாள் விடியலில் என்முன் வந்து நின்று, "நீங்கள் ஓதச் சொன்னது போதும், அவளை நான் மருத்துவரிடம் அழைத்துப் போகிறேன்" என்றாள். யான் வாய் திறந்திலேன்.

மகப்பேற்றின் பின் வரும் மனச்சோர்வு இஃது என்றும், தாயின் அன்புக்குறையால் வருவதன்று என்றும் மருத்துவர் விளக்கினர். உலகளவில் மகப்பேறுற்ற மகளிர் 100 பேரில் ஏறத்தாழ 13 பேர்க்கும், வளரும் நாடுகளில் ஏறத்தாழ 20 பேர்க்கும் இத்தகைய உள்ள நோய் உண்டாகின்றது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. மருந்தின் பயன் தெரியச் சில கிழமைகளாகும். சற்றுத் தெளிந்தவுடன் தாமே நிறுத்திவிடலாகாது. அவள் உறங்குமாறு இரவிற் பிள்ளையைப் பிறர் பேணல் வேண்டும். அவளைத் தனியே விடலாகாது. இவையே அவர் இட்ட கட்டளைகள். அவ்வாறே செய்தோம். முதலில் உறக்கம் மீண்டது, பின்னர் உணவு, சில திங்களிற் சிரிப்பும் மீண்டது.

அதன்பின்னரே பலகாற் பாடஞ் சொன்ன நூல்களை மறித்தும் எடுத்து நோக்கினேன். ஆன்ம தத்துவங்கள் 24-இல் மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்னும் அந்தக்கரணங்கள் நான்கும் அடங்கும். இவை மாயையின் காரியங்கள்; சடப்பொருள்கள். ஆன்மா இவற்றுள் ஒன்றன்று என்பதும், அரசன் அமைச்சரைக் கொண்டு ஆளுமாறுபோல இவற்றைக் கொண்டு தொழிற்படுவது என்பதும் சிவஞானபோத நான்காஞ் சூத்திரத்தாற் பெறப்படுதலை மாணாக்கர் பலர்க்கு யானே விளக்கியுள்ளேன். அங்ஙனமாயின், மனம் நோயுறின் நோயுற்றது கருவியேயன்றி அதனை உடைய ஆன்மா அன்று. கண்ணிற் படலம் மறைத்தால் 'இவன் தீயன்' என்னாத நாம், மனத்திற் சோர்வு மறைத்தால் 'இவள் அன்பிலள்' என்பது எவ்வாறு பொருந்தும்? தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கும் நம் மலப்பிணி நீங்குதற்பொருட்டு இறைவன் கருணையாற் கூட்டியருளியவை. அவன் தந்த கரணத்தைப் பழுது நீக்கிப் பேணுதல் அவன் அருளைப் போற்றுதலாமன்றி ஐயுறுதலாகாது.

அற்றேல், 'நோய் பிராரத்த வினைப்பயனாயின் நுகர்ந்தன்றோ கழிதல் வேண்டும்? மருந்தால் ஆவதென்?' எனின், பசியும் அவ்வினைவழியே வருவது. அதற்காக அடுப்பு மூட்டாதிருப்பார் யாவர்? இத்தடைக்கு ஆளுடைய பிள்ளையாரே கொடிமாடச் செங்குன்றூரில் விடையருளினார். ஆண்டு உடன் வந்த அடியார்களைக் குளிர்சுரம் பற்றியபோது, அவர்கள் அதனைப் பிள்ளையார்க்கு விண்ணப்பித்தனர். பிள்ளையார் அதனைக் கேட்டு வாளாவிருந்தாரல்லர். துன்பம் வினையின் வழித்தென அறிந்து வைத்தும் அதனினின்று உய்யும் நெறியை நாடாதிருத்தல் குறையேயாம் என்னும் கருத்தமையத் திருநீலகண்டத் திருப்பதிகம் பாடியருளினார். வினைக்கொள்கை நம் முயற்சியைத் தூண்டுதற்கு உரியதேயன்றிக் கைகட்டி நிற்றற்கு உரியதன்று என்பது இதனாற் போதரும்.

'ஆயின் பதிகமும் திருநீறும் பயனிலவோ?' எனின், அன்று. யான் கண்ட பிழை ஓதுதலில் இல்லை. ஓதுதலை நோயாளிக்கு ஒரு தேர்வாக வைத்ததில் உள்ளது. தேறாதபோது அவள் தன்னையே குற்றவாளியாக்கிக் கொண்டாள். கொல்லிமழவன் மகளை முயலகன் என்னும் நோய் பற்றியபோது, திருப்பாச்சிலாச்சிராமத்தில் பிள்ளையார் அப்பெண்ணிடம் குறை கண்டாரல்லர். அவளுக்கு இரங்கி இறைவனையே வினவிப் பாடினார். சூலை நோயொடு இரவில் திருவதிகைக்கு வந்த தம்பியாரைத் திலகவதியார் வெறுத்து ஒதுக்கினாரல்லர். எடுத்துத் தேற்றித் திருக்கோயிலுக்கு அழைத்துச் சென்றனர். நோயுற்றார்க்காக வீட்டிலுள்ள மற்றையோர் ஓதுக. அவர் ஓதவியலாத நாளில் அதனைக் குறையென எண்ணற்க.

கருவியின் பழுதை மக்களின் இழிவாகக் கொள்ளுதல் எத்துணைக் கொடுமையில் முடியும் என்பதை நம் நாடே கண்டுள்ளது. 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள், இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், மனநோயாளர் காப்பகமொன்றிற் பற்றிய தீயில் 28 பேர் மாண்டனர். சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்தமையின் அவர்களால் ஓடித் தப்ப இயலவில்லை. 2017-இல் இயற்றப்பெற்று 2018-இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளரைச் சங்கிலியிடுதலைத் தடுக்கின்றது. இரும்புச் சங்கிலியைச் சட்டம் அறுக்கலாம். பழிச்சொல்லாகிய சங்கிலியை இல்லத்தாரே அறுத்தல் வேண்டும்.

ஆதலின் குடும்பத்தார் கைக்கொள்ளத்தக்கன சில கூறுவன். நாளில் ஒருவேளையாவது வீட்டிலுள்ளார் ஒருங்கிருந்து உண்க. அப்பொழுது எவரையும் குற்றங்கூறற்க. மாலை விளக்கேற்றிச் சிறிதுநேரம் கூடியிருந்து வழிபடுக. உறங்கும் பொழுதையும் எழும் பொழுதையும் ஒழுங்குபடுத்துக. ஒருவர் துயரம் சொல்லப் புகின், அறிவுரை கூற விரையாது முழுதும் கேட்க. துயரமும் ஊக்கமின்மையும் இரண்டு கிழமைக்கு மேல் நீளினும், உணவும் உறக்கமும் கெடினும் மருத்துவரை நாடுக. வாழ்வை வெறுத்த சொல் ஒருமுறை வரினும் ஒருநாளும் தாழ்த்தற்க. இந்திய அரசு 2022-இல் தொடங்கிய 14416 என்னும் தொலைபேசி எண்ணில், கட்டணமின்றி இரவும் பகலும் தமிழிலேயே உதவி பெறலாம்.

இறுதியாக ஒன்று. உயிரைப் பற்றிய மெய்யான நோய் ஆணவமலமே. அது நோயுற்றார்க்கும் உண்டு. நோயின்றி நிமிர்ந்து நடப்பார்க்கும் உண்டு. என் இல்லத்தில் அந்நாளில் நோயாளியர் இருவர் இருந்தனர். ஒருத்தி தன் நோயை அறிந்து அழுதாள். மற்றொருவன் தன் நோயை அறியாது அவளுக்குப் பதிகம் விதித்தான். அவள் நோய்க்கு மருத்துவர் மருந்து தந்தார். என் நோய்க்கு மருந்து திருவருளே. அது முதன்முதல் என் மனைவியின் வாய்ச்சொல்லாக வந்தது போலும்.

இன்று அப்பிள்ளை பள்ளி செல்கின்றான். மாலையில் அவன் தாய் அவனை அருகிருத்தித் தேவாரம் ஓதுவிக்கின்றாள். ஓதுமாறு அவளை எவரும் பணித்திலர்.

திருச்சிற்றம்பலம்.