நோயாளியின் மருந்தும் நமது ஃபத்வாவும்

  

2022 ஜூன் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஜகார்த்தாவின் நடுச்சாலையில் வாகனங்களை நிறுத்திவிட்டு மக்கள் நடந்துகொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு தாய் பதாகை ஏந்தி நின்றார். மூளை முடக்குவாதம் கண்ட தன் பிள்ளைக்குக் கஞ்சாவிலிருந்து எடுக்கப்படும் மருந்து வேண்டும் என்பது அவருடைய கோரிக்கை. அது இந்தோனேசியா முழுவதும் பேச்சானது.

அந்தத் தாய் உங்கள் மஹல்லாவில் இருந்து, ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசல் படிக்கட்டில் உங்களிடம் வந்து, "இது கூடுமா?" என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? நம்மில் பலர் யோசிக்கவே மாட்டோம். "கஞ்சா ஹராமாச்சே" என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடப் போயிருப்போம்.

கஞ்சா ஹராம்தான். அறிவை மயக்கும் எதுவும் ஹராம். நம் தெருப் பிள்ளைகள் அதில் சிக்கிச் சீரழிவதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். அதில் ஒரு அங்குலம்கூட விட்டுக்கொடுக்க முடியாது. ஆனால் அந்தத் தாய் கேட்பது வேறு கேள்வி.

அபூதாவூதில் வரும் ஒரு சம்பவத்தை நினைத்துப் பாருங்கள். பயணத்தில் ஒருவருக்குத் தலையில் காயம். அந்த நிலையில் அவருக்குக் குளிப்புக் கடமையாகிவிட்டது. "நான் தயம்மும் செய்ய அனுமதி உண்டா?" என்று உடன் வந்தவர்களிடம் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது அனுமதி இல்லை என்றார்கள். அவர் குளித்தார், இறந்துபோனார். செய்தி நபி (ஸல்) அவர்களுக்கு எட்டியபோது, அவரைக் கொன்றவர்கள் அவர்கள்தாம் என்று கடிந்துகொண்டார்கள். தெரியாதபோது கேட்டிருக்க வேண்டாமா என்று கண்டித்தார்கள். அந்தத் தோழர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பேணுதலுக்காகவே சொன்னார்கள். ஆனால் அவர்களுடைய பேணுதலுக்கு விலை கொடுத்தவர் காயம்பட்டவர். நாம் "கூடாது" என்று சொல்லும்போதும் நமக்கு எதுவும் வலிப்பதில்லை. அதனால்தான் அந்தச் சொல் இவ்வளவு எளிதாக வாயில் வருகிறது.

ஆண்களுக்குத் தங்கம் ஹராம். மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்கள் பொருத்திய வெள்ளி மூக்கு துர்நாற்றம் எடுத்தபோது, தங்கத்தில் செய்துகொள்ளும்படி நபியவர்களே கூறினார்கள். ஆண்களுக்குப் பட்டும் ஹராம். அரிப்பு நோய் கண்ட அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப், ஸுபைர் (ரலி) இருவருக்கும் அதை அணிய அனுமதித்தார்கள். இங்கே யாரும் சாகக் கிடக்கவில்லை. அரிப்பு, நாற்றம், அவ்வளவுதான்.

மது மருந்தல்ல, நோய் என்று நபியவர்கள் சொன்னதாக முஸ்லிமில் ஹதீஸ் உள்ளதே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்த ஹதீஸை முன்வைத்துத்தான் ஷாஃபிஈ இமாம்கள் மதுவை மருந்தாகக் குடிப்பதைத் தடுத்தார்கள். ஆனால் மயக்கும் தாவரங்களை அவர்கள் வேறாகவே பார்த்தார்கள். அழுகிய கையை வெட்டும்போது நோயாளியின் சுயநினைவை நீக்கும் பொருளைக் கொடுக்கலாமா என்ற விவாதத்தில், கூடும் என்பதே சரியான கருத்து என்று இமாம் நவவி (ரஹ்) ரவ்ளாவில் முடிவு சொல்கிறார்கள். இந்தோனேசியா பின்பற்றுவதும், நம் காயல்பட்டினமும் கீழக்கரையும் பின்பற்றுவதும் இதே மத்ஹபைத்தான்.

இதற்காகக் கஞ்சா எல்லா நோய்க்கும் மருந்து என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். புற்றுநோயைக் குணப்படுத்தும் எண்ணெய் என்று வாட்ஸ்அப்பில் விற்பவரை நம்பாதீர்கள். மருத்துவம் உறுதி செய்திருப்பது சிறு வட்டம். குழந்தைகளுக்கு வரும் சில கடுமையான வலிப்பு நோய்களுக்கு, கஞ்சாச் செடியில் உள்ள போதை தராத கன்னாபிடியால் என்ற பொருளால் ஆன மருந்தை அமெரிக்கா 2018இல் அனுமதித்தது. நரம்புத் தேய்வில் வரும் தசை இறுக்கம், புற்றுநோய் சிகிச்சையின் வாந்தி ஆகியவற்றுக்கும் ஓரளவு பயன் உண்டு. ஹலாலான மாற்று பலன் தராதபோது, விவரம் அறிந்த நம்பிக்கையான மருத்துவர் சொல்லும் அளவில் என்பதுதான் ஃபிக்ஹு வைக்கும் எல்லை. போதையே தராத மருந்துக்கு அந்த நிர்ப்பந்தம்கூடத் தேவையா என்பது உலமாக்களிடம் கேட்க வேண்டிய கேள்வி.

இந்தோனேசியாவில் என்ன நடந்தது? 2009ஆம் ஆண்டுச் சட்டம் முதல் வகைப் போதைப்பொருட்களை மருத்துவத்துக்கே தடுத்திருந்தது. நோயுற்ற பிள்ளைகளின் தாய்மார்கள் அரசியல் சாசன நீதிமன்றம் போனார்கள். வழக்கு முடியும் முன்பே அவர்களில் ஒருவரின் மகன் இறந்துவிட்டான். துணை அதிபராக இருந்த மார்க்க அறிஞர் மஃரூஃப் அமீன், மருத்துவத் தேவைக்கு விலக்களிக்கும் ஃபத்வாவை ஆராயும்படி உலமா சபையைக் கேட்டுக்கொண்டார். 2022 ஜூலையில் நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது. கூடவே, உடனே ஆய்வு நடத்தும்படி அரசுக்குச் சொன்னது. மொராக்கோ 2021இலேயே மருத்துவத்துக்கும் தொழிலுக்கும் தனிச் சட்டம் இயற்றிவிட்டது. போதைக்காகப் பயன்படுத்துவது அங்கே இன்றும் குற்றம். இரண்டையும் பிரிக்க முடியும் என்பதற்கு இது போதும்.

நம் வீடுகளில் இதே கேள்வி மார்ஃபின் என்ற பெயரில் வருகிறது. அபின் செடியைச் சட்டப்படி பயிரிடும் நாடு இந்தியா. ஆனாலும் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் புற்றுநோயாளிகளுக்கு மார்ஃபின் கிடைப்பது பெரும்பாடாக இருந்தது. 2014 திருத்தம் மார்ஃபின் உள்ளிட்ட 6 மருந்துகளுக்கான உரிம முறையை எளிதாக்கியது. சட்டம் திறந்த கதவை நாம் மூடுகிறோம். "அத்தாவுக்குப் போதை ஊசியா? கலிமா சொல்லாமல் மவுத்தாகிவிடுவாரே" என்று பிள்ளைகள் மறுக்கிறார்கள். அந்தப் பயம் ஈமானில் இருந்து வருவது. அதைக் கேலி செய்ய மாட்டேன். ஆனால் வலியில் துடிப்பவரால் கலிமாவில் மனதை நிறுத்த முடிகிறதா என்று அவர் பக்கத்தில் ஓர் இரவு உட்கார்ந்து பாருங்கள். சரியான அளவில் கொடுக்கப்படும் மார்ஃபின் வலியைத் தணித்துப் பேசவும் திக்ரு செய்யவும் விடுகிறது. முதல் சில நாட்கள் தூக்கம் அதிகமாக இருக்கலாம். பெரும்பாலும் பிறகு குறைந்துவிடும்.

மறுத்து எழுதிக் கொடுக்கும் முன், மருத்துவரிடம் இதைக் கேளுங்கள்: தொழுகை நேரங்களில் அத்தா தெளிவாக இருக்கும்படி மருந்தின் அளவையும் வேளையையும் அமைக்க முடியுமா?

யா அல்லாஹ், இந்த இரவு வலியோடு விழித்திருப்பவர்களுக்கு ஷிஃபாவைத் தருவாயாக. ஆமீன்.