கருவியின் கண்ணும் கறுத்த விரலும்

எந்திரம் வஞ்சகம் அறியாது; சாதி பார்க்காது, நிறம் பார்க்காது; அதனிடம் ஓரவஞ்சனைக்கு இடமேது என்று பேசுவது படித்தவர்களிடையே வழக்கமாகிவிட்டது. மனிதன் பொய்யுரைப்பான், கையூட்டுப் பெறுவான், உறவினனைக் கண்டால் உருகுவான், ஏழையைக் கண்டால் எரிந்து விழுவான். எந்திரமோ எண்ணைக் காட்டும். எண்ணுக்கு ஏது இரக்கமும் இழிகுணமும்? ஆகவே, தீர்ப்பை எந்திரத்திடம் ஒப்படைத்துவிட்டால் நீதி தானாக நிலைபெறும் என்பது அவர்தம் நம்பிக்கை. அறிவியலை ஆர்வத்தோடு வரவேற்பவர்கள் நாம். அதனாலேயே இந்த நம்பிக்கையை உரசிப் பார்க்கும் கடமையும் நமக்கு உண்டு.

கண்ணில்லாக் கருவிகளுக்கெல்லாம் கண் கொடுத்துவிட்டது இக்காலம். கைப்பேசி வெளிச்சத்தை அறிந்து தன் திரையை மங்கவைத்துக்கொள்கிறது. மணிக்கட்டிலே கட்டிய கடிகாரம் நாடியை எண்ணுகிறது. கட்டியவர் தடுக்கி விழுந்தால் உதவிக்கு ஆள் அழைக்கிறது. கையை நீட்டினால் குழாய் தானே நீரைச் சொரிகிறது. இவற்றுக்குள்ளே இருப்பவை உணரிகள். ஒளியை, வெப்பத்தை, அசைவை மின்குறியாக மாற்றித் தரும் சிறு துணுக்குகள். அவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். அது நம் வீடுகளுக்குள் வந்த கதையை எவரும் மறந்திருக்க முடியாது.

2020, 2021ஆம் ஆண்டுகளில் கொரோனா கொடுமை ஊரை உலுக்கியபோது, உப்புப் புளியோடு ஒன்றாக வீட்டில் வாங்கி வைக்கப்பட்ட பொருள் ஆக்சிமீட்டர். துணி உலர்த்தும் கிளிப்பைப் போன்ற அதனுள் விரலை நுழைத்தால், குருதியில் உயிர்வளி எத்தனை விழுக்காடு என்று எண் தோன்றும். 94க்குக் கீழே போனால் மருத்துவமனைக்கு ஓடு என்பது அன்று சிறுவர்க்கும் தெரிந்த பாடம். அந்த எண்ணைப் பார்த்து அழுத குடும்பங்களும் உண்டு. பார்த்து ஆறுதல் பெற்று உறங்கச் சென்ற குடும்பங்களும் உண்டு.

இக்கருவியின் தந்தை சப்பானியர். நிஹோன் கோடென் நிறுவனத்தின் பொறியாளர் தகுவோ அவோயாகி, 1970களின் தொடக்கத்தில் காதில் ஒளியைப் பாய்ச்சி இதயம் வெளியேற்றும் குருதியின் அளவைக் கணிக்க முயன்றார். நாடித்துடிப்பு குறுக்கே வந்து அளவைக் குலைத்தது. இடையூறு என்று பிறர் தள்ளியிருக்கக்கூடிய அந்தத் துடிப்புக்குள்ளேயே விடை இருப்பதை அவர் கண்டார். உயிர்வளி ஏறிய குருதி சிவப்பு ஒளியை எளிதில் போகவிட்டு அகச்சிவப்பு ஒளியை மிகுதியாக விழுங்கும்; உயிர்வளி இழந்த குருதிக்கு இயல்பு நேர்மாறு. தோலும் எலும்பும் துடிப்பதில்லை; தமனிக் குருதியே துடிக்கிறது. ஆகவே, துடிக்கும் பங்கை மட்டும் பிரித்து இரண்டு ஒளிகளையும் ஒப்பிட்டால், ஊசி குத்தாமலே உயிர்வளியை அளக்கலாம். 1974இல் அவர் இதை வெளியிட்டார். 2020 ஏப்பிரலில், அவர் கண்ட கருவியை உலகமே விரலில் மாட்டிக்கொண்டிருந்த வேளையிலே, அவர் மறைந்தார். எத்தனை கோடி உயிர்களுக்குக் காவல் நின்ற கருவி அது! அதைப் பழிக்க நாம் வரவில்லை.

துடிப்பை மட்டும் எடுத்தால் தோலின் நிறம் தானே கழிந்துவிடும் என்பது ஏட்டுக் கணக்கு. விரல் ஏட்டின்படி நடக்கவில்லை. கறுத்த தோலிலுள்ள மெலனின் என்னும் நிறமி ஒளியை விழுங்குகிறது; அந்தக் குழப்பம் முழுவதும் கழியவில்லை. கருவியோ இரண்டு ஒளிகளின் விகிதத்தை மட்டுமே அறியும். இந்த விகிதம் வந்தால் இத்தனை விழுக்காடு என்று சொல்ல அதற்கு ஓர் அட்டவணை வேண்டும். அந்த அட்டவணை வானத்திலிருந்து இறங்கியதன்று. நலமுள்ள சிலரை அழைத்து, உயிர்வளி குறைந்த காற்றை மூச்சிழுக்கச் செய்து, அவர்தம் தமனிக் குருதியை எடுத்துச் சோதித்து, கருவி காட்டியதோடு ஒப்பிட்டு எழுதப்பட்டது. அந்தச் சிலர் யார்? பெரும்பாலோர் வெளுத்த தோலினர். அமெரிக்க உணவு மருந்து ஆணையம் 2013இல் வகுத்த வழிகாட்டுதல் கேட்டதே பத்துப் பேரைத்தான். அவர்களுள் கறுத்த தோலினர் இருவர் இருந்தால் போதும் என்றது!

விளைவு என்ன? மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2020 டிசம்பரில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கருவி 92 முதல் 96 வரை காட்டிய நோயாளிகளின் தமனிக் குருதியை நேரே சோதித்தபோது, உண்மை அளவு 88க்கும் கீழே கிடந்தவர்கள் வெள்ளையருள் 3.6 விழுக்காடு, கறுப்பருள் 11.7 விழுக்காடு. மூன்று மடங்கு! மூச்சுத் திணறும் மனிதனைப் பார்த்து, "உனக்கொன்றுமில்லை, உறங்கு" என்றது கருவி. புதிய செய்தியா இது? அதுவும் இல்லை. 1990லேயே சூப்ரான், டோபின் என்னும் மருத்துவர் இருவர் செயற்கைச் சுவாசத்தில் இருந்த நோயாளிகளிடம் இப்பிழையைக் கண்டு எழுதிவிட்டனர். முப்பது ஆண்டுகள் அந்த எழுத்து உறங்கிற்று, கருவிகள் விற்றன.

இப்போது எழுகிறது நம் வினா. இங்கே குற்றவாளி யார்? கருவிக்கு மனமில்லை. அவோயாகிக்குப் பகையில்லை. அட்டவணை எழுதியவர்கள் கறுத்தவர் சாகட்டும் என்று எண்ணியவர்கள் அல்லர். வெறுப்பு இல்லாத இடத்தில் அநீதி இருக்க முடியுமா?

முடியாது என்பர் சிலர். தீங்கு வேறு, தீமை வேறு. நோக்கமில்லாத தீங்கு விபத்து. இடி விழுந்து மரம் எரிந்தால் இடியைக் கூண்டில் ஏற்றுவோமா என்று கேட்பர். வாதம் வன்மையானது, எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆனால் இடிக்குச் செய்தி சொல்ல முடியாது. 1990க்கு முன் நேர்ந்தது அறியாமை என்றால் ஒப்புக்கொள்வோம். அறிந்தபின் முப்பதாண்டு வாளாவிருந்ததற்கு என்ன பெயர்? வெறுப்பு வேண்டுவதில்லை, பொருட்படுத்தாமை போதும். வெறுப்பவனாவது நம்மை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாக வேண்டும். பொருட்படுத்தாதவனுக்கு அந்தச் சிரமமும் இல்லை!

வண்ணப்படச் சுருளின் வரலாற்றை ஆராய்ந்த கனடிய அறிஞர் லோர்னா ராத் ஒன்று சொல்கிறார். நிறம் சரிபார்க்க கோடாக் நிறுவனம் அனுப்பிய மாதிரி அட்டைகளில் நெடுங்காலம் இருந்தவள் வெள்ளைத் தோல் மங்கை. கறுத்த முகங்கள் படத்தில் மசியாயின. அது மாறத் தொடங்கியதற்குக் காரணமானோர் யார் தெரியுமா? மரச்சாமான் செய்வோரும் சாக்கலேட் செய்வோரும். தங்கள் பொருள்களின் நிற வேறுபாடு படத்தில் சரியாகத் தெரியவில்லை என்று அவர்கள் முறையிட்டனராம். மனிதன் முறையிட்டபோது திறவாத செவி, நாற்காலி முறையிட்டபோது திறந்தது!

இதுதான் பொறியியலின் இயற்கை, வேறு வழியில்லை என்று கைவிரிப்பவர்களுக்கு மற்றொரு கருவியைக் காட்டுவோம். வீட்டு மின்பலகையில், மின்கசிவைக் கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் பொறி ஒன்று உண்டு. போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமா என்று அது ஓயாமல் ஒப்பிடுகிறது. குறைந்தால், யார் உடல் வழியாகவோ கசிகிறது என்று பொருள். நொடியின் சிறு பின்னத்தில் துண்டிக்கிறது. இவ்வகைப் பொறி ஒன்றுக்கு 1965இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றவர் கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்சியல். அவர் முதலில் கேட்ட கேள்வி, மனிதன் எவ்வளவு மின்னோட்டம் வரை பிடித்த கம்பியைத் தானே விட முடியும் என்பது. ஆண்களை மட்டும் சோதித்து அவர் நிறுத்தவில்லை, பெண்களையும் சோதித்தார். ஏறத்தாழ எல்லா ஆண்களும் விடக்கூடிய அளவு 9 மில்லி ஆம்பியர்; பெண்களுக்கு 6. அமெரிக்க வீடுகளின் பொறி 4க்கும் 6க்கும் இடையே துண்டிக்கிறது. சராசரி ஆணுக்கென்று எல்லை வகுத்திருந்தால் பெண்டிரும் பிள்ளைகளும் கம்பியோடு ஒட்டியிருப்பர். எளியோருக்கென்று வகுத்த எல்லையால் வலியோர்க்கு இழப்பு ஏதும் இல்லை. நம் நாட்டு வீடுகளில் 30 மில்லி ஆம்பியர் பொறியே பெரும்பாலும் வழங்குகிறது என்பதையும் சொல்லி வைப்போம். அதன் நியாயம் தனியே பேசத்தக்கது.

பாடம் சொல்லும் தொழிலில் இருக்கும் நமக்கு இது புதிதாகத் தோன்றவில்லை. வானூர்தி நிலையத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதச் சொல்கிறது கேள்வித்தாள். பேருந்து நிலையத்தைத் தாண்டாத பிள்ளை பேனாவைக் கடித்துக்கொண்டிருக்கிறான். தாள் திருத்துபவர் நேர்மையானவர். மதிப்பெண் பட்டியல் பிழையற்றது. பிள்ளை மட்டும் தோற்றான். கேள்வித்தாள் யாரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்று மதிப்பெண் பட்டியல் சொல்வதில்லை.

திருத்தம் முடியாததன்று. அதே அமெரிக்க ஆணையம் 2025 சனவரியில் வெளியிட்ட வரைவில், சோதனைக்கு 150 பேருக்குக் குறையாமல், வெளுத்த தோல் முதல் கறுத்த தோல் வரை பல நிறத்தவரும் பங்கு பெற வேண்டும் என்று முன்மொழிந்தது. பத்துப் பேர் நூற்றைம்பது பேர் ஆக வேண்டுமென்று தோன்ற எத்தனை ஆண்டுகள், எத்தனை விரல்கள்!

நம் நிலை என்ன? கறுத்த விரல் நமக்கு விதிவிலக்கன்று. நம் தெருவின் பொது விரல் அதுவே. ஆகவே, கருவியைத் தூக்கி எறியாமல், நலமாக இருக்கும் நாளிலேயே விரலை வைத்துப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொள்வது நல்லது; நோயுற்றபோது ஓர் எண்ணை நம்பாமல், எண் இறங்கிக்கொண்டே போகிறதா என்று பார்க்க வேண்டும். கை சில்லிட்டிருந்தால் சூடேற்றி, நகப்பூச்சைத் துடைத்துவிட்டு வைக்க வேண்டும். கருவி 95 என்றாலும் உதடு நீலம் பாய்ந்து மூச்சு இரைக்கும் மனிதனை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். கருவியின் அட்டைப்பெட்டியில், இரண்டு விழுக்காடு கூடலாம் குறையலாம் என்று அச்சிட்டிருப்பார்கள். யாருடைய விரலில் என்று கடைக்காரரைக் கேட்போம். அவர் விழிப்பார், அவருக்கு விற்றவரை அவர் கேட்கட்டும்.