இரு கொடிகளும் ஒரு சிலுவையும்



1954-ம் வருஷம் நவம்பர் 1-ந் தேதி, சகல அர்ச்சியசிஷ்டவர்கள் திருநாளன்று, புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கி நமது தேசக்கொடி ஏறிற்று. அதற்கு இரு வாரங்களுக்கு முன் கீழூரில் கூடி வாக்களித்த 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணையச் சம்மதித்தார்கள்.

ஆயினும் அன்று இறங்கிய கொடியைப் பற்றிய சச்சரவு இன்னும் ஓயவில்லை. "அந்நியனுக்கு அடிமைப்பட்டிருந்த அடையாளம்" என்கிறார் ஒருவர். "பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேவித்த பாட்டனாரின் பென்ஷனல்லவோ எங்கள் வீட்டில் அடுப்பெரித்தது" என்கிறார் மற்றவர். எல்லைக்கு இப்புறம் ஆங்கிலேயர் ஆட்சியிலிருந்த நம்மூரிலும், புதுச்சேரியில் பெண் கொடுத்துப் பெண் எடுத்த வீடுகளில் இப்பேச்சு எழுகிறது. இருவர் சொல்வதும் மெய்யே. ஒருவர் நாட்டின் காயத்தைச் சொல்லுகிறார். மற்றவர் வீட்டின் நன்றியைச் சொல்லுகிறார்.

வனாந்தரத்தில் மோயீசன் கம்பத்தில் உயர்த்திய வெண்கலச் சர்ப்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஜனங்கள் பிழைக்கும்படி சர்வேசுரன் கொடுத்த அடையாளம் அது. பிற்காலத்தார் அதற்கே தூபங்காட்டியபோது, எசேக்கியாஸ் அரசன் அதை உடைத்துப்போட்டான். நல்ல அடையாளமும் விக்கிரகமாகக் கூடும்.

தேசக்கொடிக்கு மரியாதை செய்வது நம் கடமை. பாட்டனாரின் படத்தைச் சுவரில் வைத்திருப்பது துரோகமல்ல. ஆனால் கொடியின் பொருட்டு உடன்பிறந்தவனோடு பேசாதிருப்பது பாவம்.

நவம்பர் 2-ந் தேதி மரித்தோர் திருநாளில், ஒரே தகப்பனின் கல்லறைக்குத் தனித்தனியே மெழுகுதிரி கொண்டுவராதீர்கள். சேர்ந்து வாருங்கள். அக்கல்லறையின்மேல் நிற்கும் சிலுவை இருவருக்கும் ஒன்றே. ஆமென்.