அந்தக் குட்டியைத் தூக்கு!

சிலாபத்திலிருந்து கற்பிட்டி வரைக்கும் கரைவலை இழுக்கிற இடமெல்லாம் நாய் நிற்கும். வலை கரைசேர்ந்ததும் கழித்துப் போடுகிற பொடிமீனுக்கு அடிபடும். அந்தக் கூட்டத்தில் சேரப் பயந்து ஒன்று ஒதுங்கி நிற்கும். குட்டைக் கால், ஒரு காது நிமிர்ந்து மறுகாது மடிந்து, என்ன சாதியென்று சொல்ல முடியாத கலப்புக் குட்டி. பெரும்பாலும் பெட்டை. பெட்டை என்பதற்காகவே யாரோ சாக்கில் கொண்டுவந்து விட்டுப் போயிருப்பார்கள்.

பார்த்ததும் உன் மனம் இளகுகிறது. அடுத்த கணமே உள்ளிருந்து ஒரு குரல்: "என்னால் எங்கே முடியும்? எனக்கே நிரந்தரத் தொழில் இல்லை. ஊர் சிரிக்கும்." தம்பி, தங்கச்சி, அந்தக் குரலை அடையாளம் கண்டுகொள்! வேலைக்கு விண்ணப்பம் எழுத உட்காரும்போதும், நாலு பேர் முன்னால் பேச எழும்போதும் உன் காலை வாரியது அதுதான். இந்தக் கடற்கரையிலேயே அதைத் தோற்கடி!

சின்னது, கலப்பு, தெருவில் பிறந்தது என்பதெல்லாம் குறையா? 1960 ஆகஸ்ட் 19 அன்று சோவியத் விண்கலம் பெல்கா, ஸ்ட்ரெல்கா என்ற இரு பெட்டை நாய்களைச் சுமந்து போனது. ஒரு நாளுக்கு மேல் பூமியைச் சுற்றி, மறுநாள் உயிரோடு இறங்கின. விண்வெளிக்குப் போன முதல் மனிதர் ககாரின் பறந்தது அதற்குப் பிறகுதான். மொஸ்கோ தெருவில் திரிந்த சிறிய கலப்பு நாய்களைத்தான் விஞ்ஞானிகள் தேடிப் பிடித்தார்கள். குளிரும் பசியும் தாங்கிய உடம்பு அவற்றுக்குத்தான் இருந்தது. 1957இல் விண்ணுக்குப் போன லைக்கா என்ற நாய் திரும்பவே இல்லை. அந்தக் கொடுமையை நான் புகழமாட்டேன். ஸ்ட்ரெல்காவோ பிறகு ஆறு குட்டி ஈன்றாள். அதில் ஒன்று, புஷிங்கா, 1961இல் கென்னடியின் வெள்ளை மாளிகைக்கே போய்ச் சேர்ந்தது.

ஊர் சிரிக்கட்டும். திரௌபதை அம்மனுக்குத் தீமிதிக்கிற உடப்பு உன் கரையில்தான் இருக்கிறது. அந்தத் திரௌபதையின் கணவர் தருமர், கூட வந்த நாயை விட்டால்தான் சொர்க்கம் என்று இந்திரன் சொன்னபோது, அப்படியொரு சொர்க்கம் வேண்டாமென்று நின்றவர். தாகத்தில் தவித்த நாய்க்காகக் கிணற்றில் இறங்கி, காலணியில் தண்ணீர் மொண்டு வந்தவரை இறைவன் மன்னித்தான் என்ற நபிமொழி புத்தளத்து முஸ்லிம் வீடுகளுக்குப் புதிதில்லை. சிரிக்கிறவர்களிடம் இதைச் சொல், தலை நிமிர்ந்து!

தூக்கி வந்த பிறகு பொறுமை வேண்டும். முதல் சில நாள் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். இழுக்காதே. முள் நீக்கிய மீனைச் சோற்றில் பிசைந்து வைத்துவிட்டுத் தள்ளி உட்கார். அது தானாக வந்து உன் கையை முகர்கிற நேரத்தில், ஓர் உயிர் நம்பும்படியான ஆள் நீ என்று உனக்கே விளங்கும். கடித்தாலோ கீறினாலோ சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போ; இதில் அசட்டை கூடாது. வளர்ந்ததும் கருத்தடை செய். இல்லாவிட்டால் இரண்டே மாதச் சினையில் இன்னொரு சாக்குக் குட்டிகள் கரைக்கு வரும்.

விசர்நாய்த் தடுப்பூசியைத் தள்ளிப்போடாதே, ஆண்டுதோறும் போடு. ஊசி போட்ட அட்டையில் எழுத, நாய்க்குச் சொந்தக்காரர் யார் என்று கேட்பார்கள். உன் பெயரைச் சொல். வரிசையில் நிற்கிற எல்லோருக்கும் கேட்கும்படி சொல்!