சஃப்பில் ஓர் இடம்

2020 மார்ச்சில் கொரோனாவால் இலங்கையின் பள்ளிவாசல்கள் மூடப்பட்டன. ஏப்ரல் கடைசியில் நோன்பு பிறந்தபோதும் திறக்கவில்லை. பாலமுனையில் பாங்கு மட்டும் ஒலித்தது. தொழுகை வீடுகளுக்குள் வந்தது. கதிரைகளை ஓரமாக்கிப் பாய் விரித்தோம். வாப்பாமார் முன்னால் நின்று தறாவீஹ் தொழுவித்தார்கள். பின்னால் ஆண்பிள்ளைகள், அதற்கும் பின்னால் உம்மாவும் மூத்தம்மாவும் பெண்பிள்ளைகளும். பள்ளியில் எப்போதும் கடைசி வரிசைக்கு அனுப்பப்படும் சின்னவன் அந்த மாதம் வாப்பாவுக்கு நேர் பின்னால் நின்றான்.

அந்தக் காலம் தந்த துயரங்கள் பல. ஆனாலும் வீட்டுக்குள் ஒரு சஃப்பு உண்டானதை நன்றியோடுதான் நினைக்கிறேன். பள்ளிகள் திறந்ததும் அதைப் பல வீடுகளில் பாயோடு சேர்த்துச் சுருட்டி வைத்துவிட்டோம். பர்ளைப் பள்ளியில் தொழுதாலும் சுன்னத்தை வீட்டுக்கு வந்து தொழலாமே. வீடுகளைக் கப்றுகள் போல ஆக்கிவிட வேண்டாம் என்று நபிகளார் (ஸல்) சொன்னது நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

*

அனஸ் (ரழி) வீட்டில் நபிகளாருக்கு ஒரு விருந்து. உண்டு முடித்துத் தொழ எழுந்தார்கள். அனஸ் ஒரு பாயை எடுத்தார். நெடுநாள் புழங்கிக் கறுத்துப்போன பாய். அதில் தண்ணீர் தெளித்தார். நபிகளாருக்குப் பின்னால் அனஸும் ஒரு யத்தீம் சிறுவனும் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் வீட்டு மூதாட்டி. இரண்டு ரக்அத் தொழுதார்கள். புகாரியில் இருக்கிற செய்தி இது.

பன்பாயில் படுத்து வளர்ந்த எனக்கு அந்தக் கறுப்பு கண்ணுக்குத் தெரிகிறது. அந்தச் சிறுவனும் தெரிகிறான். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையோரத்து வீடுகளில் அப்படி எத்தனை பிள்ளைகள் சாச்சாவின், மாமாவின் பக்கத்தில் நின்று தொழுதிருப்பார்கள். அன்று அந்த யத்தீம் சிறுவனை யாரும் எட்டி நிற்கச் சொல்லவில்லை. அனஸின் தோளோடு தோளாக நின்றான்.

*

பேத்திக்கு நாலு வயது. வுழூச் செய்யக் கிணற்றடிக்குப் போனால் லேசில் வரமாட்டாள். முகத்தைக் கழுவுவாள், மறந்துபோய் மறுபடியும் கழுவுவாள். முழங்கையில் ஊற்றிய தண்ணீர் கவுன் முழுக்க வழியும். மூத்தம்மாவுக்கு முழங்கால் வருத்தம், கதிரையில் இருந்துதான் தொழுவா. இவளும் தன் குட்டிப் பிளாஸ்டிக் கதிரையைத் தூக்கிவந்து பக்கத்தில் போட்டு, அவவைப் போலவே இருந்தபடி குனிகிறாள். தொழுகை என்றால் அப்படித்தான் என்பது அவள் எண்ணம். நாங்கள் திருத்தவில்லை. உம்மா நின்று தொழுவதையும் நாளைக்குப் பார்க்கத்தானே போகிறாள்.

*

ஏழு வயதில் பிள்ளைகளைத் தொழும்படி ஏவ நபிகளார் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு முந்திய வயதுக்கு ஏவல் இல்லை. அந்த வயதில் பிள்ளைக்கு இருப்பது ஆசை. அதை அதட்டிக் கெடுப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பள்ளியில் ஒரு பிள்ளை சிரித்துவிட்டால் திரும்பிப் பார்க்கிற முகங்களில் எத்தனை கோபம்! நபிகளார் பேத்தி உமாமாவைச் சுமந்தபடி தொழுதவர்கள். சுஜூதுக்குப் போகும்போது இறக்கிவைப்பார்கள், எழும்பும்போது தூக்கிக்கொள்வார்கள். பேரன் முதுகில் ஏறியிருந்தபோது, அவன் ஆசை தீரட்டும் என்று சுஜூதை நீட்டினார்கள். பிள்ளை அழும் சத்தம் கேட்டால், தாயின் மனம் பதறுமே என்று தொழுகையைச் சுருக்கினார்கள். பிள்ளைக்காக நீட்டவும் சுருக்கவும் அவர்களுக்கு முடிந்தது. நமக்கு ஒரு சிரிப்பைத் தாங்க முடியவில்லை.

*

தொழுது முடிந்ததும் பிள்ளையைத் துஆக் கேட்க விட வேண்டும். அதன் பேச்சில், அதற்குத் தேவையானதை. வாப்பா கடலுக்குப் போன இரவுகளில் சின்னவன் உம்மாவின் பக்கத்தில் இருந்து கையேந்துகிறான்.

“யா அல்லாஹ், வாப்பாட தோணிக்கு நிறைய மீன் குடு. பாரை மீன் குடு.”

உம்மா ஆமீன் சொல்கிறாள், மூத்தம்மாவும் சொல்கிறா. விடிய வாப்பா வந்ததும், என்ன மீன் பட்டது என்று முதலில் ஓடிப்போய்க் கேட்கிறவனும் அவன்தான்.